வெளியே உட்கார்ந்து சாப்பிட நல்ல இடங்கள்

வெளியில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது உணவுப் பட்டியலை அல்ல, மேசையின் கால்களை. நான்கு காலும் தரையில் சரியாகப் பதிகிற மேசை இந்த நகரத்தில் பத்துக்கு மூன்று இருந்தால் அதிகம். மற்றவற்றுக்கெல்லாம் அட்டையை மடித்துச் செருகியிருப்பார்கள். மடித்த கை சோம்பேறிக் கையா, அக்கறையுள்ள கையா என்பதை அந்த அட்டையே சொல்லிவிடும். பதினான்கு வருடமாக நான் இப்படிப்பட்ட விஷயங்களைத்தான் எழுதிவருகிறேன். மக்களும் விரும்பிப் படிக்கிறார்கள்.

நடந்ததை எழுதித் தாருங்கள் என்று கேட்டீர்கள். வெள்ளைத் தாளும் இரண்டு பேனாவும் கொடுத்தீர்கள். நேருக்கு நேர் கேட்டால் எனக்குச் சட்டென்று பதில் வராது, எழுதினால் வரும். கொஞ்சம் சுற்றி வளைத்து வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். தொழில் பழக்கம்.

ஞாயிறுதோறும் வருகிற என் பத்திக்கு 'வானத்தடியில்' என்று பெயர். நடைபாதை, மொட்டைமாடி, ஆற்றங்கரை, கட்டடங்களுக்கு நடுவே விட்ட முற்றம் என்று கூரையில்லாத உணவகங்களைப் பற்றி மட்டும் எழுதுவேன். வருடத்துக்கு ஒருமுறை பத்து இடங்களைத் தேர்ந்தெடுத்துப் பட்டியல் போடுவேன். பட்டியலில் வந்தவர்கள் அந்தப் பக்கத்தைக் கத்தரித்துக் கண்ணாடிச் சட்டம் போட்டு வாசலில் மாட்டுவார்கள். வராதவர்கள் அடுத்த பட்டியல்வரை என்னைச் சபித்துக்கொண்டே வணக்கம் வைப்பார்கள். உணவகக்காரர்கள் மத்தியில் எனக்கு மூக்கு என்று பட்டப்பெயர். நான் உள்ளே நுழைந்ததும் பரிமாறுகிறவர்கள் சமையலறைப் பக்கம் திரும்பி, "மூக்கு வந்திருக்கு" என்று குசுகுசுப்பது கேட்கும். காது எனக்கு இன்றைக்கும் பாம்புக் காதுதான்.

அந்தப் பட்டப்பெயர் சும்மா வந்ததில்லை. ஒரு காலத்தில் வாசலில் நின்றபடியே எண்ணெய் எத்தனை நாள் பழையது என்று சொல்லிவிடுவேன். குளிர்சாதனப் பெட்டியில் முந்தின நாள் மீனை ஒளித்து வைத்திருந்த ஒரு சமையல்காரர் என்னைப் பார்த்ததும் அதைத் தானே எடுத்துக் குப்பையில் போட்டதாகக் கதை உண்டு. கதைதான் என்றாலும் நான் மறுத்ததில்லை.

பதினான்கு வருடத்துக்கு முன்பு பதினோரு நாள் காய்ச்சல் அடித்தது. பன்னிரண்டாம் நாள் எழுந்து காபி போட்டுக் குடித்தேன். வெந்நீர் மாதிரி இருந்தது. தூள் போட மறந்துவிட்டேன் என்று நினைத்து இன்னொரு தடவை போட்டேன். கோப்பையின் நிறத்தைப் பார்த்த பிறகுதான் விஷயம் புரிந்தது. மூக்கு போயிருந்தது. போகிற போக்கில் நாக்கையும் கூட்டிக்கொண்டு போயிருந்தது. ஆறு மாதம் பார்க்கலாம் என்றார் டாக்டர். பிறகு ஒரு வருடம் என்றார். அப்புறம் நான் அவரிடம் போவதை நிறுத்திவிட்டேன். அன்றிலிருந்து சாப்பாடு என்றால் எனக்குச் சூடு, குளிர், மொறுமொறுப்பு, வழுவழுப்பு, அவ்வளவுதான்.

அதுவரை எல்லா உணவகங்களைப் பற்றியும் எழுதிக்கொண்டிருந்த நான், காய்ச்சலுக்குப் பிறகுதான் வெளியே வந்தேன். அறைக்குள் உட்கார்ந்தால் வாசனை தப்ப முடியாத விஷயம். முதலாளி பக்கத்தில் வந்து நின்று, "என்ன சார், சமையலறையிலிருந்து ஏதாவது வருதா?" என்று சிரிப்பார். ஏதாவது சொல்லியாக வேண்டும். வெளியில் அந்தத் தொல்லை கிடையாது. காற்று எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போய்விடுகிறது. நிழல் எத்தனை மணிக்கு எந்த மேசையை விட்டு நகர்கிறது, நாற்காலியின் முதுகு எத்தனை நேரம் தாங்கும், போகிற பேருந்து தட்டில் எவ்வளவு புழுதி போடும் என்றெல்லாம் எழுதலாம். இவற்றில் எனக்குப் போட்டியே இல்லை. ஆனாலும் என்ன செய்வது, கடைசியில் ருசியைப் பற்றியும் நாலு வரி எழுதத்தான் வேண்டியிருந்தது. அதற்குத்தான் என் தங்கை.

அவள் என்னைவிட ஆறு வயது இளையவள். கல்யாணம் நிலைக்காமல் ஒரே ஒரு பெட்டியோடு என் வீட்டுக்கு வந்தவள். நான் ஏன், எதற்கு என்று கேட்கவில்லை. தெருவைப் பார்த்த அறையை அவளுக்குக் கொடுத்துவிட்டு நான் பின்னறைக்கு மாறிக்கொண்டேன். அதை அவள் மறக்கவே இல்லை. ஒரு பல் மருத்துவரிடம் உதவியாளராக இருந்தாள். பகலெல்லாம் ஊரார் வாயைப் பார்ப்பாள், சாயங்காலமானால் எனக்கு வாயாக இருப்பாள். இது அவளே சொல்லிச் சிரிக்கிற கேலி. என்னுடையது அல்ல.

எங்களுக்கென்று ஒரு முறை வைத்திருந்தோம். முதலில் அவள் ஒரு வாய் சாப்பிடுவாள். பிறகு சொந்தக்காரர்களைப் பற்றிப் பேச ஆரம்பிப்பாள். "அண்ணா, இது சித்தப்பா" என்றால் ஆரவாரமாக உள்ளே வரும், உட்கார்ந்த பிறகு ஒன்றும் இருக்காது என்று அர்த்தம். "பெரியம்மா" என்றால் முதலில் இனிப்பு, அப்புறம் குத்தல். "அத்தை வீட்டு மாப்பிள்ளை" என்றால் பார்க்க லட்சணம், சரக்கு ஒன்றுமில்லை. முக்கால்வாசி சாலட் அத்தை வீட்டு மாப்பிள்ளைதான். ஒருமுறை ஓர் இறைச்சித் துண்டை மென்றுவிட்டு, "சின்ன மாமா கடன் கேட்டு வந்து உட்கார்ந்த மாதிரி இருக்கு, போகவே மாட்டேங்குது" என்றாள். வீட்டுக்கு வந்து அதை நான், 'நாவைவிட்டு அகல மறுக்கும் நீண்ட பின்சுவை' என்று எழுதினேன். பக்கத்து மேசைக்காரர்கள் எங்களைப் போல வம்பு பேசுகிற குடும்பத்தைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

எனக்குப் பிடித்த இடங்களைச் சொல்கிறேன், வழக்குக்கு வேண்டாம் என்றால் அடித்துவிடுங்கள். பேருந்துப் பணிமனைக்கு எதிரே நடைபாதையில் ஆறே ஆறு மேசை போட்ட ஒரு கடை இருக்கிறது. ரொட்டியும் ஆம்லெட்டும்தான் கிடைக்கும். நடைபாதை சரிவாக இருப்பதால் அந்தக் கடைக்காரர் மேசைக் கால்களையே அளந்து அறுத்து, ஒவ்வொரு மேசைக்கும் அதன் இடத்தைத் தரையில் வண்ணம் போட்டுக் குறித்திருக்கிறார். அங்கே கோப்பையிலிருந்து ஒரு சொட்டு சிந்தாது. இரண்டாவது, அச்சகத்தின் மொட்டைமாடி. கீழே இயந்திரம் ஓடும்போது கரண்டிகள் தாமாகவே தட்டில் தாளம் போடும். மூன்றாவது, வாய்க்கால் ஓரத்து மீன் கடை. அங்கேதான் என் தங்கை ஒரு துண்டைச் சாப்பிட்டுவிட்டுத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்ன என்று கேட்டேன். "அம்மா" என்றாள். அதற்கு முன்பும் பின்பும் அவள் அந்தப் பெயரைச் சொன்னதில்லை. அந்த வருடம் மீன் கடைக்கு முதலிடம் கொடுத்தேன்.

அவளுக்கு வேண்டியதை அவள் கேட்டுச் சாப்பிட்டது குறைவு. என்ன வரவழைப்பது என்பதை நான்தான் முடிவு செய்வேன், பத்திக்கு எது தேவையோ அது. வெயில் கொளுத்திய ஒருநாள், "இன்னிக்கு எனக்கு ஐஸ்கிரீம் மட்டும் போதுமே அண்ணா" என்றாள். அந்தக் கடை ஐஸ்கிரீமைப் பற்றிப் போன மாதமே எழுதிவிட்டோம் என்றேன். சரி என்று சூப்பைக் குடித்தாள். அவள் முகம் சுளித்ததாக எனக்கு நினைவில்லை.

இனி அந்த உணவகத்துக்கு வருகிறேன்.

தெருவிலிருந்து ஐந்து படி இறங்கினால் வருகிற முற்றம் அது. தெருப் பக்கம் தவிர மற்ற மூன்று பக்கமும் உயரமான கட்டடங்கள். உரிமையாளரான அம்மாள் மூன்று வருடமாகப் பட்டியலில் இடம் கேட்டுக்கொண்டிருந்தார். தரை கரடுமுரடு, மேசை ஆடுகிறது என்று நான் எழுதியிருந்ததை மனத்தில் வைத்துக்கொண்டு, முற்றம் முழுவதற்கும் மரப்பலகைத் தளம் போட்டுவிட்டு எங்களை அழைத்தார். தளத்துக்கும் பழைய தரைக்கும் நடுவே ஒரு முழம் காலி இடம். அதற்குள்தான் எரிவாயுக் குழாய் ஓடியது. பதினோரு மேசை. எங்களுக்குப் போட்டது பதினோராவது, முற்றத்தின் தாழ்ந்த மூலையில், மீனும் இறைச்சியும் வாட்டுகிற, அன்று இன்னும் பற்றவைத்திராத அடுப்புக்குப் பக்கத்தில். அதுதான் அங்கே மரியாதையான இடம்.

ஐந்தரைக்குத் தூறல் ஆரம்பித்ததால் சுற்றிலும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் திரைகளை இறக்கியிருந்தார்கள். மேலேயும் ஒன்று இழுத்துக் கட்டியிருந்தது. இதைத் திறந்தவெளி என்று சொல்லலாமா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். அப்போது தங்கை மூக்கை உறிஞ்சினாள்.

"அண்ணா, கேஸ் நெடி அடிக்குது."

"மெதுவா பேசு" என்றேன்.

அவள் சொன்னதை நான் நம்பினேன். அதை இங்கே தெளிவாக எழுதிவிடுகிறேன். பதினான்கு வருடத்தில் அவள் மூக்கு ஒருமுறைகூடத் தப்பியதில்லை. அதை நம்பித்தான் எங்கள் வீட்டில் உலையே கொதித்தது.

இரண்டு நிமிடத்தில் பரிமாறுகிறவர் வந்தார். ஐம்பது வயதிருக்கும். முழங்கால் வலிக்காரர், அன்ன நடை. அதனாலேயே எல்லோரும் அவரை எக்ஸ்பிரஸ் என்று கூப்பிட்டார்கள். ஒன்பதாவது மேசையில் இருந்த கணவனும் மனைவியும் ஏதோ வாசனை வருவதாகச் சொன்னார்களாம். "உங்க மூக்குக்குத் தெரியாததா சார்? நீங்க சொல்லுங்க, ஏதாவது வருதா?" என்றார். அதற்குள் உரிமையாளரம்மாளும் கையைத் துடைத்துக்கொண்டே வந்துவிட்டார். பத்தாவது மேசையில் ஒரு பெண் இருந்தாள். உணவகங்களைப் படம்பிடித்து இணையத்தில் போடுகிறவள். என் பத்தியைப் படித்து வளர்ந்ததாகச் சொன்னவள். அவள் செல்பேசியை என் பக்கம் திருப்பினாள். "நேரலையில இருக்கோம் சார், ஒரே ஒரு வார்த்தை" என்று கெஞ்சலாகச் சிரித்தாள்.

எனக்குப் பயமாக இருந்தது. எரிவாயுவைப் பற்றிய பயம் அல்ல. எத்தனையோ பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது, ஆமாம் என்று சொல்லலாம்தான். ஆனால் அடுத்த கேள்வி என்ன? எங்கிருந்து வருகிறது, இங்கே அதிகமா அங்கே அதிகமா, என்ன மாதிரி நெடி என்று கேட்பார்கள். முகர்ந்து காட்டச் சொல்வார்கள். நாய்க்குட்டி மாதிரி குனிந்து தேடுவேனா? நான் தப்பான மூலையைக் காட்டினால் அந்தப் பெண்ணின் செல்பேசி எல்லாவற்றையும் பார்த்துவிடும். தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்டீர்கள். மூக்கு என்று பெயர் வாங்கியவன் தெரியவில்லை என்று சொல்ல முடியுமா? யோசித்துப் பாருங்கள்.

ஆகவே நன்றாக மூச்சை இழுத்து விட்டேன். "இது கேஸ் இல்ல. பின்தெருவுல சாக்கடை உடைஞ்சிருக்கு, மழைக்கு மேல வருது" என்றேன்.

தங்கை வாயைத் திறந்தாள். "இல்லண்ணா, இது வந்து..."

நான் உரிமையாளரம்மாளைப் பார்த்துச் சிரித்தேன். "இவளுக்கு ரெண்டு நாளா ஜலதோஷம். எது பட்டாலும் நெடிங்கிறா."

அவளுக்கு ஜலதோஷம் இல்லை. அவள் என்னைப் பார்த்தாள். பிறகு கைக்குட்டையை எடுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டாள், நான் சொன்னதை நிஜமாக்குவதற்காக. உரிமையாளரம்மாளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது போல இருந்தது. புதுத் தளத்தின் திறப்பு நாளன்று எல்லோரையும் எழுப்பி அனுப்பும்படி ஆகிவிடுமோ என்று பதறியிருந்தார் போலிருக்கிறது. "சார் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார். செல்பேசிப் பெண்ணும், தனக்கும் சாக்கடை மாதிரிதான் தோன்றியது என்றாள். ஒன்பதாவது மேசைக்காரர்கள் எங்களைப் பார்த்து மன்னிப்புக் கேட்பது போலத் தலையசைத்தார்கள். பெரிய மூக்கு சொன்ன பிறகு சின்ன மூக்குகள் அடங்கிவிட்டன.

இந்த இடத்தில் நிறுத்தியிருந்தால் நான் செய்தது ஒரு பொய் மட்டும்தான். வீண் ஜம்பத்தில் மனிதர்கள் சொல்கிற பொய்களில் ஒன்று. இதுவரைக்கும் நீங்களே கண்டுபிடித்துவிட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

சூப் வந்தது. மேசைக்கு அடியில் என் காலுக்குப் பக்கத்தில் பலகைத் தளம் முடிந்து, ஒரு சாண் அகலத்துக்குப் பழைய கல்தரை தெரிந்தது. அங்கே மழைத்தண்ணீர் தேங்கியிருந்தது. மஞ்சள் வண்ணம் பூசிய குழாய் அந்தத் தண்ணீருக்குள் நுழைந்து அடுப்புப் பக்கம் போனது. குழாய் இணைப்பிலிருந்து குமிழி வந்தது. முதலில் ஒன்றொன்றாக. பிறகு இரண்டு இரண்டாக. கொதிக்காத தண்ணீரில் குமிழி வந்தால் என்ன காரணம் என்று பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். குனிந்து செருப்பைச் சரிசெய்வது போல உற்றுக் கேட்டேன். சீறுகிற ஒலியும் கேட்டது. என் காதைப் பற்றி முன்பே சொல்லியிருக்கிறேன்.

நிமிர்ந்தபோது எக்ஸ்பிரஸ் மேசை விளக்குகளை ஏற்றக் கிளம்பியிருந்தார். ஒவ்வொரு மேசையிலும் கண்ணாடிக் குவளைக்குள் ஒரு மெழுகுவர்த்தி. படிக்கட்டுப் பக்கம் முதல் மேசையிலிருந்து ஆரம்பித்தார். ஒரு மேசையிலிருந்து அடுத்ததற்குப் போக அவருக்கு ஏறக்குறைய ஒரு நிமிடம் ஆனது. பலகை இடுக்குகள் வழியாக வருவது தாழ்ந்த பக்கம்தான் சேர்ந்திருக்கும், ஆகவே முதல் ஐந்தாறு மேசைக்கு ஒன்றும் ஆகாது என்று கணக்குப் போட்டேன். அது சரியாகவே இருந்தது.

சொல்லிவிடலாம் என்று தோன்றாமல் இல்லை. ஆனால் அரைமணிக்கு முன்னால் சாக்கடை என்றவன் இப்போது கேஸ் என்றால் என்ன ஆகும்? குமிழியைப் பார்த்தேன் என்றால், அப்படியானால் முதலில் ஏன் முகர முடியவில்லை என்று கேட்பார்கள். பதினான்கு வருடப் பட்டியல், சட்டம் போட்ட நூற்று நாற்பது பக்கம், எல்லாம் ஒரே நாளில் சந்தி சிரித்துவிடும். மீன் கடைக்காரர் முகத்தில் எப்படி விழிப்பேன்? அவருக்கு முதலிடம் கொடுத்தது நான் இல்லை என்றல்லவா ஆகிவிடும்.

செல்பேசியைக் காதில் வைத்துக்கொண்டு எழுந்தேன். தங்கை மேசையில் இருந்துவிட்டாள். எங்கள் தொழிலில் ஒரு கணக்கு உண்டு. சூப் வந்த மேசையிலிருந்து ஒருவர் எழுந்தால் தொலைபேசி. இரண்டு பேரும் எழுந்தால் புகார். எல்லாப் பரிமாறுகிறவர்களுக்கும் அது தெரியும். இரண்டு பேரும் எழுந்திருந்தால் உரிமையாளரம்மாள் ஓடி வந்திருப்பார், செல்பேசிப் பெண் திரும்பியிருப்பாள், மறுபடி கேள்விகள் ஆரம்பித்திருக்கும். அவள் அங்கே உட்கார்ந்திருக்கும்வரை எல்லாம் சரியாக இருக்கிறது என்று அர்த்தம்.

ஐந்து படி ஏறித் தெருவைக் கடந்து, பூட்டியிருந்த கடிகாரக் கடையின் முகப்புக்குக் கீழே நின்றேன். தீயணைப்பு நிலையத்துக்கு மூன்று இலக்கம். இரண்டு இலக்கம் அழுத்தினேன். பெயர் கேட்பார்கள், என் எண்ணும் பதிவாகும் என்பது நினைவுக்கு வந்தது. அழித்துவிட்டேன். தெருவில் நின்று கத்தியிருக்கலாம். தங்கையின் செல்பேசிக்கு ஒரு அழைப்பு போட்டிருக்கலாம், அவள் எண்ணுக்கு யோசிக்கவே வேண்டியதில்லை. ஒன்றும் ஆகாது என்று நினைத்ததாக முதல் நாள் உங்களிடம் சொன்னேன். அப்படி நான் நினைக்கவில்லை.

நான் அங்கே நின்று என்ன செய்தேன் என்று கேட்டிருக்கிறீர்கள். பத்தியின் முதல் வரியை யோசித்தேன். 'மழையைப் பார்த்துக்கொண்டே நனையாமல் சாப்பிட இந்த நகரத்தில் ஓர் இடம் கிடைத்துவிட்டது.' வரி நன்றாகத்தான் வந்திருந்தது. பிளாஸ்டிக் திரைக்குப் பின்னால் விளக்குகள் ஒவ்வொன்றாக வந்தன. தூறலில் கலங்கி, மஞ்சளாக. அழகாக இருந்தது, அதை மறைக்க விரும்பவில்லை. ஆறு வரைக்கும் எண்ணினேன். ஏழாவதும் வந்தது.

எட்டாவது மேசையில் எக்ஸ்பிரஸ் குனிந்தபோது, யாரோ பெரிய கதவை அடித்துச் சாத்தியது போல ஒரு சத்தம். பலகைத் தளம் மொத்தமாக எழும்பியது. அதன்பிறகு நடந்ததை என்னைவிட உங்கள் ஆட்கள் நன்றாக எழுதி வைத்திருப்பார்கள். ஐந்து பேர். எக்ஸ்பிரஸ், ஒன்பதாவது மேசைக் கணவன், மனைவி, செல்பேசிப் பெண், என் தங்கை. உரிமையாளரம்மாள் சமையலறைக்குள் இருந்ததால் கைகளோடு போயிற்று. ஆஸ்பத்திரியில் அவரைப் பார்க்கப் போனேன். கட்டுப் போட்ட இரண்டு கையையும் தூக்கி என்னைக் கும்பிட முயன்றார். தங்கையைப் பறிகொடுத்தவர் தன்னைப் பார்க்க வந்திருக்கிறாரே என்று அழுதார்.

எல்லோரும் அழுதார்கள். பத்திரிகையில் என் படத்தோடு அரைப் பக்கம் போட்டார்கள். பல் மருத்துவர் வந்து, அவள் மேசையில் இருந்த கோப்பையையும் வெள்ளை மேலங்கியையும் கொடுத்துவிட்டுப் போனார். நான் அழுவதற்கு முயற்சி செய்தேன். வாயில் சோறு இருப்பது தெரிந்தும் ருசி வராதே, அது மாதிரித்தான் இருந்தது. துக்கம் இருப்பது தெரிந்தது.

அந்த நேரலைப் படம் அழியாமல் இருந்தது. 'இது கேஸ் இல்ல' என்று நான் சொல்வது அதில் தெளிவாகக் கேட்டது. அதைப் பார்த்துவிட்டு ஊர் முழுக்க ஒரே முடிவுக்கு வந்தது. அங்கே அடித்தது சாக்கடை நாற்றம்தான், நகரத்திலேயே பெரிய மூக்குக்குக் கேஸ் தெரியவில்லை என்றால் அந்த எரிவாயுவில் நெடியே இருந்திருக்க முடியாது. எரிவாயுவுக்குத் தானாக வாசனை கிடையாதாமே. கசிந்தால் தெரியட்டும் என்று கிடங்கில்தான் நெடி கலக்கிறார்களாம். ஆகவே நெடி கலக்கிற வேலையில் இருந்தவரைப் பிடித்து உள்ளே வைத்தீர்கள். நான்கு மாதமாக இருக்கிறார். நீங்கள் என்னைச் சாட்சியாகக் கூப்பிட்டபோது நான் முன்பு சொன்னதையே சொன்னேன். மாற்றிச் சொல்ல எனக்குக் காரணம் எதுவும் தோன்றவில்லை.

உங்கள் அலுவலக வராந்தாவில் அவருடைய மனைவியைப் பார்த்தேன். என்னை அடையாளம் தெரிந்து எழுந்து நின்றார். "உங்க தங்கச்சிக்கு நடந்தது என் வீட்டுக்காரரால இல்ல சார். ஒரு சொட்டு குறையாம அளந்துதான் கலப்பார். நீங்களாவது நம்புங்க" என்றார்.

"தெரியும்மா" என்றேன்.

பெரிய மனசு என்று நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது. உட்கார இடம் விட்டுத் தள்ளி அமர்ந்தார். நானும் உட்கார்ந்தேன்.

செவ்வாய்க்கிழமை நீங்கள் என்னை இதே அறையில் உட்கார வைத்து இருபது நிமிடம் சும்மா பேசிக்கொண்டிருந்தீர்கள். மழை, போக்குவரத்து, எங்கே நல்ல காபி கிடைக்கும் என்று. உங்கள் உதவியாளர் அம்மாள் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுதினார். அவருக்கு உடம்பு சரியில்லை என்று நினைத்து, வெந்நீர் குடிக்கச் சொன்னேன். பிறகு நீங்கள் என் முழங்கைக்குப் பக்கத்தில் இருந்த மேசை இழுப்பறையைத் திறந்தீர்கள். உள்ளே ஒரு மண்ணெண்ணெய்ப் புட்டி, பக்கத்தில் அதில் தோய்த்த துணி. மறுபடி மூடிவிட்டீர்கள். கெட்டிக்காரத்தனமான வேலை. பத்திரிகை ஆசிரியருக்குப் பதினான்கு வருடத்தில் இது தோன்றவில்லை. உண்மையைச் சொன்னால் அந்த நிமிடம் எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. காலணியைக் கழற்றி வைத்தது போல.

நீங்கள் கேட்டதற்கெல்லாம் பதில் எழுதிவிட்டேன். கிடங்குக்காரர் நெடியைச் சரியாகத்தான் கலந்திருந்தார். அவரை வீட்டுக்கு அனுப்பிவிடலாம். கசிவை எனக்குத் தங்கை சொல்லி ஒருமுறையும், கண்ணால் பார்த்து ஒருமுறையும், காதால் கேட்டு ஒருமுறையும் தெரியும். தெரிந்துதான் எழுந்து போனேன்.

ஒரே ஒரு திருத்தம். தங்கை மேசையில் இருந்துவிட்டாள் என்று மேலே எழுதியிருக்கிறேன். உங்களிடமும் அப்படித்தான் சொல்லிவந்தேன். அது சரியல்ல. நான் நாற்காலியைத் தள்ளி எழுந்தபோது அவளும் எழுந்தாள். கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டுவிட்டாள். என் சட்டைக் கையைப் பிடித்து, "நானும் வரேண்ணா" என்றாள். அவள் முகம் வெளிறியிருந்தது. நான் எதற்காகப் போகிறேன் என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது என்றே நினைக்கிறேன். நான் அவள் தோளில் கையை வைத்து அழுத்தினேன். பார்க்கிறவர்களுக்கு அது பாசம் மாதிரி இருந்திருக்கும்.

"நீ உட்காரு. சூப் ஆறிடும்."

அவள் உட்கார்ந்தாள். பையைக் கழற்றிப் பக்கத்து நாற்காலியில் வைத்துவிட்டுக் கரண்டியை எடுத்தாள். வேறு யாராக இருந்தாலும் என் கையைத் தட்டிவிட்டு ஓடியிருப்பார்கள், நானும் தடுத்திருக்க மாட்டேன். ஆனால் நான் சொன்னதை அவள் ஒருநாளும் மீறியதில்லை. அவளிடம் நான் கண்ட ஒரே குறை அதுதான்.